சென்னை மேயர் யாருக்கு மேயர்?

சென்னை நகரத்துக்கு மேயர் என்பதாக ஒருவர் உண்டு. அவருக்கு அங்கி உண்டு, தங்கச் சங்கிலி உண்டு, செங்கோல் உண்டு, ரிப்பன் கட்டடத்தில் உயர்ந்த ஆசனம் உண்டு. நகரத்தின் முதல் பிரஜை என்கின்ற பட்டமும் உண்டு. ஆனால் அந்த முதல் பிரஜை யார் என்று தீர்மானிக்கும் பாத்தியதை மாத்திரம் நகரத்திலுள்ள மற்றப் பிரஜைகளுக்கு இல்லை. அது 200 கௌன்சிலர்களுக்குத்தான் உண்டு. இதைப்பற்றி நகர மக்கள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. குழாயில் தண்ணீர் வராதபோதும், தெருவில் குப்பை நாறும்போதும், மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து கட்டிலை மிதக்க வைக்கும்போதும் “மேயர் என்ன செய்கிறார்?” என்று கேட்கிறார்களே ஒழிய, “அந்த மேயரை அங்கே வைத்தது யார்? அதில் எனக்குப் பங்கு என்ன?” என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் கேட்க உத்தேசித்திருக்கிறோம்.

முதலில் கடைசியாக நடந்த காரியத்தையே பாருங்கள். 2022ம் வருஷம் பிப்ரவரி 19ந் தேதி சென்னையில் ஓட்டுப் பதிவு நடந்தது. 60 லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டர்கள் தங்கள் தங்கள் வட்டத்துக்குக் கௌன்சிலரைத் தேர்ந்தெடுக்க அழைக்கப்பட்டார்கள். தி.மு.கழகத்துக்கு 153 ஸ்தானங்கள் கிடைத்தன. அப்புறம் மார்ச் 3ந் தேதி மேயராக யார் வரவேண்டும் என்று கட்சித் தலைமை அறிவித்தது. 4ந் தேதி தோழியர் பிரியா அவர்கள் போட்டியில்லாமல் மேயரானார்கள். அதாவது மக்கள் ஓட்டுப் போட்ட நாளில் மேயர் யார் என்று மக்களுக்குத் தெரியாது. தெரிய வந்த நாளில் மக்களுக்கு ஓட்டுக் கிடையாது. மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லாமலே கல்யாணத்துக்கு மொய் வாங்கிக்கொண்டது போன்ற காரியமல்லவா இது?

இதனால் அந்த அம்மையாரை நாம் குறை கூறுவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த ஓர் இளம் பெண், வடசென்னையிலிருந்து வந்து அந்த ஆசனத்தில் உட்கார்ந்ததைப்பற்றி நமக்கு மகிழ்ச்சியே தவிர வேறில்லை. மேயர் பதவி அவ்வகுப்புப் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதே நியாயமான காரியம். நமது வருத்தமெல்லாம் அப்படிப்பட்ட ஒருவர், “என்னை இந்த நகரத்து லட்சோபலட்சம் மக்கள் பேர் சொல்லித் தேர்ந்தெடுத்தார்கள்” என்று தலைநிமிர்ந்து சொல்லும் பெருமையைச் சட்டம் அவருக்குக் கொடுக்காமல் போயிற்றே என்பதுதான். மக்களின் ஓட்டினால் வந்தவரை அதிகாரியும் கட்சித் தலைவரும் அலட்சியம் செய்யப் பயப்படுவார்கள். தலைமையின் தயவினால் வந்தவர் என்று பெயராகிவிட்டாலோ, அவர் எவ்வளவு யோக்கியரானாலும் அந்தப் பயம் யாருக்கும் இராது.

இனி இந்தப் பதவியின் பூர்வோத்திரத்தைச் சற்றுப் பார்ப்போம். சென்னைக் கார்ப்பரேஷன் 1688ல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஏற்பட்டது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன் என்கின்ற கம்பெனி உத்தியோகஸ்தர். கோட்டைக்கு வெளியே வெயிலில் நெசவு செய்தவனையும், படகு தள்ளியவனையும், கல் சுமந்தவனையும் அன்று யாரும் கேட்கவில்லை. இடையில் அப்பதவி மறைந்து, பிரசிடெண்டு என்று இருந்து, 1933ல் மறுபடியும் மேயர் என்கின்ற பெயர் வந்தது. குமாரராஜா முத்தையா செட்டியார் அவர்கள் மேயரானார்கள். அப்போதும் மேயரைத் தேர்ந்தெடுத்தவர்கள் கௌன்சிலர்களே. அந்தக் கௌன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தவர்களோ சொத்தும் வரியும் உள்ளவர்கள். வரிச்சீட்டு இல்லாதவனுக்கு ஓட்டுச்சீட்டு இல்லை. கார்ப்பரேஷன் தெருவைப் பெருக்கியவனுக்கும், கார்ப்பரேஷன் மலத்தைச் சுமந்தவனுக்கும் கார்ப்பரேஷனில் பேச்சில்லை. 1950ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டம், வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஓட்டு என்று ஒப்புக்கொண்டது. 1989ல் அந்த வயதை 21லிருந்து 18 ஆகவும் குறைத்தார்கள். ஆகவே கேள்வி தீர்ந்துவிட்டது என்று எண்ணுவோம். தீரவில்லை. ஓட்டை வெளிப்படையாக மறுக்க முடியாத காலம் வந்ததும், கொடுத்ததைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும் வழிகள் ஏற்பட்டுவிட்டன. அவ்வழிகள் மூன்று: சட்டத்தால் பறிப்பது, காலத்தால் பறிப்பது, எல்லையால் பறிப்பது.

முதலாவது சட்டத்தால் பறிப்பது. 1996ல் சென்னை மக்கள் மேயரை நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். தோழர் மு.க. ஸ்டாலின் அவர்கள் மேயரானார்கள். 2001லும் அப்படியே நடந்தது. 2006ல் மக்களுக்கு அந்த ஓட்டு இல்லையென்றாகி, கௌன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011ல் மறுபடியும் மக்களுக்கு வந்து, தோழர் சைதை துரைசாமி அவர்கள் நேராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 2016ல் மக்களுக்கு இல்லையென்று சட்டம் செய்தார்கள். 2018ல் உண்டு என்று சட்டம் செய்தார்கள். 2019 நவம்பரில் இல்லையென்று அவசரச் சட்டம் செய்தார்கள். 2021ல் ஆட்சி மாறியது. வந்தவர்கள் அதை மாற்றாமல் அதன்படியே 2022 தேர்தலை நடத்தி முடித்தார்கள். ஆகவே இந்தப் பாவத்தில் ஒரு கட்சிக்கு ஒரு பங்கும் மற்றொரு கட்சிக்கு ஒரு பங்கும் உண்டு. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க யோக்கியதை இல்லை.

மக்களுக்கு மேயரைத் தேர்ந்தெடுக்கும் புத்தி 1996ல் இருந்து, 2006ல் இல்லாமற்போய், 2011ல் திரும்பி வந்து, 2016ல் மறுபடி போய்விட்டதா என்று கேட்கிறோம். மக்களின் யோக்கியதை மாறவில்லை. ஆளுகிறவர்களின் சௌகரியம்தான் மாறியது. அரசியல் சட்டத்தின் 74வது திருத்தமானது, வட்டத்துப் பிரதிநிதிகளை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மாத்திரம் மாகாணச் சட்டசபையின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது. அந்தச் சந்து வழியாகத்தான் இவ்வளவும் போய் வந்துகொண்டிருக்கிறது.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களையும் நேர்மையாகக் கவனிப்போம்.

“முதல் மந்திரியைச் சட்டசபை மெம்பர்கள்தானே தேர்ந்தெடுக்கிறார்கள்? மேயருக்கு மாத்திரம் ஏன் வேறு நியாயம்?” என்பது ஒன்று. இது யோசிக்கத் தகுந்த கேள்வியே. கௌன்சிலர்கள் மூலம் தேர்ந்தெடுப்பதெல்லாம் எங்கும் எப்போதும் அக்கிரமம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் முதல் மந்திரியாக வருபவர் யார் என்பதைக் கட்சிகள் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லித்தான் ஓட்டுக் கேட்கின்றன. மக்களும் அவர் முகத்தைப் பார்த்தே ஓட்டுப் போடுகிறார்கள். மேயர் விஷயத்திலோ ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் பெயர் வருகிறது. மேலும் முதல் மந்திரியைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்பு மாற்றுவார் இல்லை. அதை மாற்றினால் தேசமே கூச்சல் போடும். மேயர் விஷயத்தில் கூச்சல் இல்லை. ஆகையால் மாற்றுகிறார்கள்.

“மேயர் ஒரு கட்சி, கௌன்சில் ஒரு கட்சியானால் வேலை நடக்காது” என்பது இரண்டாவது. நடக்காமல் போகக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். அதற்கு மருந்து, மேயரின் அதிகாரம் இன்னது, கௌன்சிலின் அதிகாரம் இன்னது என்று சட்டத்தில் தெளிவாக வரம்பு கட்டுவதுதான். தலைவலிக்குத் தலையை எடுத்துவிடுவது வைத்தியமாகாது. மேலும், மேயரும் கௌன்சிலும் ஒரே கட்சியாய் இருந்த காலங்களில் மழைநீர் வடிகால் எல்லாம் ஒழுங்காய் ஓடிற்றா என்பதை வேளச்சேரிக்காரரையும் வியாசர்பாடிக்காரரையும் கேட்டால் சொல்லுவார்கள்.

“பாமர மக்கள் பணத்துக்கு மயங்கிவிடுவார்கள்” என்பது மூன்றாவது. இதைச் சொல்லுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். 200 பேரில் மேயரை ஆக்குவதற்கு 101 பேர் போதும். 101 பேரை விலைக்கு வாங்குவது சுலபமா, லட்சக்கணக்கானவர்களை வாங்குவது சுலபமா? 101 பேரை ஒரு சுற்றுலா மாளிகையில் பூட்டி வைக்கலாம். நகரத்தைப் பூட்டி வைக்க எந்தப் பணக்காரனிடமும் மாளிகை இல்லை.

“நேராக ஓட்டு விட்டால் தாழ்த்தப்பட்டவரும் சிறுபான்மையோரும் வர முடியாது” என்பது நான்காவது. நான்கிலும் நாம் மதிக்கத்தக்கது இதுதான். 1937ல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை அவர்களும், 1945ல் ந. சிவராஜ் அவர்களும் மேயரானது கௌன்சிலர்கள் மூலமாகத்தான் என்பது உண்மை. ஆனால் இன்று மேயர் ஸ்தானத்தைத் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பெண்களுக்கும் முறை வைத்து ஒதுக்கும்படி சட்டமே இருக்கிறது. அந்த ஒதுக்கீடு நேர் தேர்தலுக்கும் பொருந்தும். ஒதுக்கிய ஸ்தானத்துக்கு நகரம் முழுவதும் ஓட்டுப் போடட்டும். மேல்ஜாதிக்காரன் என்று மார்தட்டுகிறவனும் சாவடிக்குப் போய்த் தாழ்த்தப்பட்ட சகோதரியின் பெயருக்கு நேராகப் பொத்தானை அழுத்தி, “இவர் எனக்கு மேயர்” என்று சொல்லட்டும். அதைவிட நல்ல பாடம் வேறென்ன இருக்கிறது?

இரண்டாவது வழி காலத்தால் பறிப்பது. 1973ல் சென்னைக் கௌன்சிலைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் எப்போது வந்தது தெரியுமா? 1996ல். இருபத்து மூன்று வருஷம்! கலைத்த அன்று பிறந்த குழந்தை வளர்ந்து, படித்து, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகுதான் அதற்குக் கௌன்சிலர் என்றொரு பிராணி இருப்பது தெரிந்தது. இதற்கிடையில் 5 வருஷத்துக்கு ஒரு தரம் தேர்தல் நடந்தே தீரவேண்டும் என்று அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். எழுதியும் என்ன? 2016ல் முடிந்த கௌன்சிலுக்கு 2022 வரையில் தேர்தல் இல்லை. அந்த இடைவெளியில்தான் 2019ல் சென்னை தண்ணீருக்குத் தவித்தது. குடங்களுடன் பெண்கள் லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். 2020ல் கொரோனா வந்து தெருத்தெருவாகத் தகரம் அடித்தார்கள். அவ்வளவு ஆபத்திலும் ரிப்பன் கட்டடத்தில் மக்கள் ஓட்டுப் போட்டு வைத்த மனிதர் ஒருவர்கூட இல்லை. அதிகாரிகள் உழைக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் உழைக்காத அதிகாரியை மாற்ற மக்களால் முடியாது என்கிறோம்.

மூன்றாவது வழி எல்லையால் பறிப்பது. இதுதான் மூன்றிலும் மௌனமானது, மூன்றிலும் கொடுமையானது. 2011ல் சென்னையின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சுற்றியிருந்த பல ஊர்கள் நகரத்தில் சேர்ந்தன. அங்கே மனை வாங்கி வீடு கட்டினவர்கள் சென்னைக்காரர்களானார்கள். நல்லதுதான். ஆனால் அதே காலத்தில் கூவம் கரையிலும் மற்றக் கரைகளிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ஏழைகளைச் சர்க்கார் கிளப்பிக் கொண்டுபோய், இருபது கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிகளில் வைத்தது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குச் சமீபத்தில் இருந்த சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்கள் பலவற்றை அங்கேதான் அனுப்பினார்கள். அந்தப் பெரும்பாக்கம் 2011ல் விரிந்த எல்லைக்குள் சேர்க்கப்படவில்லை. 2022ல் சென்னைக்குத் தேர்தல் நடந்தபோதும் அது எல்லைக்கு வெளியேதான் இருந்தது. அதன் அர்த்தம் என்ன? ரிப்பன் கட்டடம் கண்ணில் படும் தூரத்தில் குடியிருந்தவன், அந்தக் கட்டடத்துக்குள் யார் உட்காருவது என்பதில் தனக்கிருந்த கடுகளவு பேச்சையும் இழந்தான். குடிசையை இடித்ததைப் பத்திரிகைகள் படம் போட்டன. ஓட்டை இடித்ததை யாரும் படம் பிடிக்கவில்லை.

அந்த மக்கள் சென்னையை விட்டுப் போய்விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. விடியற்காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, சென்னையின் வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார்கள், சென்னையின் தெருக்களைப் பெருக்குகிறார்கள், சென்னையின் கடைவாசலில் பூவும் பழமும் விற்கிறார்கள். இரவில் தூங்குவதற்குத்தான் வெளியே போகிறார்கள். அவர்கள் விரும்பிப் போனவர்களா? சர்க்கார் போகச் சொல்லிப் போனவர்கள். ஒருவனை வீட்டை விட்டு நாமே வெளியே தள்ளிவிட்டு, “நீ வீட்டில் இல்லை, ஆகையால் வீட்டு விஷயத்தில் உனக்குப் பேச்சில்லை” என்று சொல்லுவது எந்த ஊர் நியாயம்?

இந்த இடத்தில் இன்னொரு கூட்டத்தாரின் ஆட்சேபணையும் நம் காதில் விழுகிறது. “சொத்து வரி கட்டுகிறவர்கள் நாங்கள். வரி கட்டாத குடிசைக்காரனும், எங்கிருந்தோ பிழைக்க வந்தவனும் எங்கள் மேயரைத் தீர்மானிப்பதா?” என்கிறார்கள். 1920, 30களில் வரிச்சீட்டைக் காட்டி ஓட்டுப் போட்டவர்களின் பேச்சேதான் இது. சட்டை மாத்திரம் புதிது. வாடகைக்கு இருப்பவன் கொடுக்கும் வாடகையில்தானே வீட்டுக்காரன் வரி கட்டுகிறான்? ஓர் ஆழாக்கு எண்ணெய் வாங்கும் ஏழையும் சர்க்காருக்கு வரி கொடுக்காமல் வாங்குகிறானா? மேலும் வரி என்பது பணம் மாத்திரமா? சாக்கடைக்குள் இறங்கி உயிரை விட்டவன் கொடுத்த வரியை எந்த ரசீதில் எழுதுவீர்கள்?

பிழைக்க வந்தவன் விஷயமும் அப்படியே. பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்து மெட்ரோ ரயிலுக்குப் பள்ளம் தோண்டியவன், தகரக் கொட்டகையில் படுத்துக் கொசுக்கடி படுகிறவன், வந்து போகிறவனாயிருந்தால் அவனுக்கு அவன் ஊரில் ஓட்டு இருக்கட்டும். ஆனால் இங்கேயே குடியிருந்து, இங்கேயே குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து வாழுகிறவனாயிருந்தால் இந்த ஊர் குழாயும் சாக்கடையும் அவனுக்கும் சேர்த்துத்தான். சாதாரணமாகக் குடியிருக்கும் இடத்தில் ஓட்டுப் பதிவு செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒருவன் எந்தப் பாஷை பேசுகிறான் என்பதைக் கொசு பார்த்துக் கடிப்பதில்லை. நாம் மாத்திரம் பார்த்து ஓட்டைக் கொடுப்பானேன்?

இதை நினைக்கும்போது ஒரு விசித்திரம் ஞாபகத்துக்கு வருகிறது. லண்டன் மாநகரத்துக்கு 2000மாவது வருஷம் முதல் மக்களே நேராக ஓட்டுப் போட்டு மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே முறைப்படி அனுமதி பெற்றுக் குடியிருக்கும் இந்தியப் பிரஜைக்கும், காமன்வெல்த் தேசத்தான் என்கின்ற முறையில், அந்த ஓட்டு உண்டு. ஆகவே மயிலாப்பூரிலோ மண்ணடியிலோ பிறந்த ஒருவர் வேலைக்காக லண்டனுக்குப் போனால், அந்நிய ஊருக்கு மேயர் யார் என்று நேராகச் சொல்லலாம். அவர் தாய் தகப்பன் சென்னையிலேயே பிறந்து, சென்னையிலேயே வரி கட்டி, சென்னையிலேயே கிழடாகியும், தங்கள் சொந்த ஊருக்கு மேயர் யார் என்று சொல்ல முடியாது. அவ்வளவு தூரம் போவானேன்? உத்தரப் பிரதேசத்தில் லக்னோக்காரரும் கான்பூர்க்காரரும் மேயரை நேராகவே தேர்ந்தெடுக்கிறார்கள். நீதிக்கட்சி வளர்ந்த ஊர், தியாகராயச் செட்டியார் தலைமை வகித்த கார்ப்பரேஷன் என்று பெருமை பேசும் நாம் அவர்களுக்குக் கீழே நிற்பது வெட்கமல்லவா?

ஓட்டு மாத்திரம் வந்துவிட்டால் சொர்க்கம் வந்துவிடும் என்றும் நாம் ஏமாற்ற விரும்பவில்லை. கார்ப்பரேஷனில் காரியம் செய்யும் அதிகாரம் பெரும்பாலும் சர்க்கார் நியமிக்கும் கமிஷனரிடம் இருக்கிறது. குடிதண்ணீருக்குத் தனி போர்டு, பஸ்ஸுக்குத் தனிக் கம்பெனி, குடிசைக்குத் தனி வாரியம் என்று ஒவ்வொன்றும் கார்ப்பரேஷனுக்கு வெளியே இருக்கிறது. 2022ல் சென்னையில் நூற்றுக்குச் சுமார் 44 பேர்தான் ஓட்டுப் போட்டார்கள் என்றால், மற்றவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும். மேயர் யார் என்று சொல்ல முடியாத ஓட்டு, வந்த மேயராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாத பதவி என்றால், வரிசையில் நிற்கக் கால் எப்படி வரும்?

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். சென்னை எல்லைக்குள் குடியிருக்கும் வயது வந்த ஒவ்வொருவருக்கும், ஆண் பெண், வீடுள்ளவன் இல்லாதவன், முன்னே வந்தவன் பின்னே வந்தவன் என்ற வித்தியாசமில்லாமல், மேயரை நேராகத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு இருக்க வேண்டும். சர்க்காரே கிளப்பி வெளியே கொண்டுபோய் வைத்த மக்களின் குடியிருப்புகளை நகர எல்லைக்குள் சேர்க்க வேண்டும். அது ஆகும் வரையில் அவர்கள் பெயரை நகர ஓட்டர் ஜாபிதாவிலிருந்து எடுக்கக் கூடாது. இந்த முறையை அந்தந்த ஆட்சியின் சௌகரியத்துக்கு மாற்ற முடியாதபடி அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். தேர்ந்தெடுத்தவருக்கு அங்கியோடு அதிகாரத்தையும் கொடுக்க வேண்டும்.

இவற்றை எந்தக் கட்சியும் தானாகக் கொடுத்துவிடும் என்று நாம் நம்பவில்லை. கொடுத்ததையும் எடுத்ததையும் மேலே வருஷ வாரியாகப் பார்த்தோம். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவர் எந்தக் கொடியைப் பிடித்து வந்தாலும் சரி, ரோட்டையும் விளக்கையும் கேட்பதற்கு முன், “ஐயா, மேயருக்கு ஓட்டுப் போடும் பாத்தியதை எனக்கு உண்டா, இல்லையா? உங்கள் கட்சியின் அபிப்பிராயம் என்ன?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தால், அடுத்த வீட்டுக்காரரிடமும் அதே கேள்வியைக் கேட்கும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.